கடுங்குளிரில் பழைய டீசல் கார்: இயங்க மறுப்பது ஏன்? இயக்குவது எப்படி?

மசி பேர்கசன் 135 உழவு இயந்திரத்தை ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். அதன் திறப்பைத் திருப்பும்போது அது நேரே ஸ்ராட்டருக்குப் போவதில்லை. இடையில் இன்னொரு நிலையும் உண்டு. எமது பகுதிகளில் அந்த நிலையை எவரும் பயன்படுத்துவதில்லை. அதற்குப் போகும் வயர் அறுந்து தொங்கினாலும் அதைப்பற்றிக் கவலைப்படுவாரும் இல்லை. ஆனால் அந்த உழவு இயந்திரம் இங்கிலாந்தின் கொவென்றி நகரில், அந்நாட்டுக் குளிரை மனதிற்கொண்டு செய்யப்பட்டது. இயந்திரத்துக்குக் காற்றுச் செல்லும் குழாயில் சிறியதொரு சூடேற்றி பொருத்தப்பட்டிருக்கும். திறப்பை அந்த இடைநிலையில் 15, 20 செக்கன்கள் பிடித்துக்கொண்டால் சூடேற்றி சிவந்து, அதன்மேல் வந்துவிழும் சிறிதளவு டீசல் தீப்பற்றி, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். அதன்பின்னரே ஸ்ராட்டரைச் சுழற்றவேண்டும்.

எமக்குத் தேவைப்படாத அந்த ஒரு நிலை, குளிர் நாடுகளில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு காலையிலும் உயிர்நாடியாக இருக்கின்றது. இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாழ்கின்றது. அங்கு போய்ச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் புதிய கார் வாங்க வசதி இருப்பதில்லை. மூன்றாம் கை, நான்காம் கை மாறிய கார்தான் கிடைக்கும். அதிகமானவை பெற்றோல் கார்களே. எனினும் எரிபொருட் செலவு குறைவு, இயந்திரம் நீண்ட காலம் உழைக்கும் என்ற காரணங்களுக்காகப் பழைய மேர்சிடஸ், வொக்ஸ்வாகன் டீசல் கார்களை விரும்பி வாங்குவோரும் உள்ளனர். பனிக்காலத்தில் ஒரு காலை அந்தக் கார் இயங்க மறுத்தால் அன்றைய வேலை போயிற்று. அங்கே ஒரு நாட் சம்பளம் போனால் இங்கே ஒரு வீட்டின் மாதச் செலவு இடறும். ஆகவே இது எமக்குத் தொலைவான விடயமல்ல. அத்தோடு, அந்தக் காரின் பிடிவாதத்துக்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் எமது லாண்ட்மாஸ்டரின் பிடிவாதமும் பாதி விளங்கிவிடும்.

தீப்பொறி இல்லாத இயந்திரம்

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க பிளக் உண்டு. அது தீப்பொறி தரும். டீசல் இயந்திரத்தில் அப்படி எதுவுமில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்மின் அடிப்பாகம் கை சுடும் அளவுக்குச் சூடாவதை நாம் எல்லோரும் அறிவோம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டீசல் இயந்திரத்தின் நெருப்பு இதுதான். ஜெர்மனியரான றூடொல்ஃப் டீசல் 1893இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரில் ஒழுங்காக ஓடும் இயந்திரத்தைச் செய்து காட்டினார். சிலின்டருக்குள் இழுத்த காற்றை பிஸ்ரன் மேலெழுந்து அமுக்குகிறது. பழைய கார்களில், உதாரணமாக மேர்சிடஸ் 240 டி என்ற காரில், காற்று 21இல் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுக்கப்படுகின்றது. அவ்வாறு கொதிப்பேறிய காற்றினுள் நொசில் மூலம் டீசல் தூவப்படும்போது அது தானாகவே தீப்பற்றுகின்றது.

இப்போது குளிரை இதனோடு சேர்த்துப் பாருங்கள். எமது ஊரில் உள்ளே போகும் காற்று 30 பாகைச் சூட்டுடன் போகிறது. கனடாவின் வின்னிப்பெக் நகரில் தை மாத இரவொன்றில் அது பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகையில் நிற்கும். வித்தியாசம் 55 பாகை. அமுக்கப்படும்போது இந்த வித்தியாசம் அப்படியே நிற்பதில்லை. ஏறக்குறைய மும்மடங்காகப் பெருகும். அதாவது அமுக்கத்தின் முடிவில் அங்குள்ள காற்று எமது காற்றைவிட 150 பாகைக்கு மேல் குறைந்த சூட்டில் இருக்கும். இது கணக்கு. நடைமுறையில் இன்னும் மோசம். ஏனெனில் சுற்றியுள்ள இரும்பும் உறைகுளிரில் இருக்கின்றது. அமுக்கிப் பெற்ற சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்ராட்டர் மெதுவாகச் சுழன்றால் உறிஞ்ச அதிக நேரம் கிடைக்கிறது. ரிங் தேய்ந்த பழைய இயந்திரமானால் அமுக்கும் காற்றில் ஒரு பகுதி பிஸ்ரனின் பக்கத்தால் நழுவிவிடும். இதனால்தான் ஒரே வீதியில் நிற்கும் இரண்டு கார்களில் புதியது இயங்கும், பழையது இருமிக்கொண்டே நிற்கும்.

ஆகவே குளிரில் டீசல் காரை இயக்குவது என்பது சூட்டைச் சேர்க்கும், சேர்த்த சூட்டை இழக்காதிருக்கும் வேலையே ஆகும். கீழே சொல்லப்படுபவை யாவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

இதற்கு அக்கால விவசாயிகள் பட்ட பாட்டையும் சிறிது சொல்லவேண்டும். 1921இல் ஜெர்மனியில் வந்த லான்ஸ் புல்டொக் உழவு இயந்திரம் முழுமையான டீசல் இயந்திரமல்ல; அதற்கு நெருங்கிய உறவு. அதன் தலைப்பாகத்தை ஊது விளக்கால் சில நிமிடங்கள் சுட்டுச் சூடேற்றிய பின்னரே அதைச் சுழற்ற முடிந்தது. இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் உழவு இயந்திரத்துக்கு இன்னொரு முறை இருந்தது. வெடியுப்பு ஊறவைத்த கடதாசிச் சுருளைக் கனலச் செய்து சிலின்டர் தலையினுள் செருகுவார்கள். கையால் சுழற்ற முடியாவிட்டால் துவக்குத் தோட்டா போன்ற ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். அந்த வெடியின் வேகத்தில் பிஸ்ரன் நகர்ந்து இயந்திரம் உயிர் பெறும். கமக்காரன் எங்கும் கமக்காரன்தான்.

ஹீற்றர் பிளக்

கார்களில் இவ்வேலையைச் செய்வது ஹீற்றர் பிளக். எமது ஊரில் ஓடிய பழைய ஹையேஸ், டெலிகா வான்களிலும் இது உண்டு. ஒவ்வொரு சிலின்டருக்கும் ஒன்றாக, டீசல் தூவப்படும் சிறு அறைக்குள் அதன் முனை நீட்டிக்கொண்டிருக்கும். பற்றரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் முனை செந்தணலாகும். குளிர் நாட்டுப் பழைய கார்களில் இது சூடாவதற்கு அரை நிமிடம், சில வேளை ஒரு நிமிடம்கூடச் செல்லும். 'றூடொல்ஃப் டீசல் ஞாபகார்த்த நிமிடம்' என்று ஜெர்மனியர் அந்தக் காத்திருப்புக்குக் கேலியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேலியானாலும் அந்த நிமிடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். பொறுமையற்று முன்கூட்டியே ஸ்ராட்டரை அடிப்பவர் பற்றரியையும் வீணாக்கி, எரியாத டீசலால் சிலின்டரையும் நனைத்துவிடுகிறார்.

மிகப் பழைய மேர்சிடஸ் கார்களில் இந்தப் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருந்தன. திருவிழாச் சோடனை பல்ப் மாலையில் ஒன்று எரிந்துபோனால் முழு மாலையும் அணைந்துவிடுமல்லவா? அதேபோல ஒரு பிளக் போனால் எல்லாமே செயலிழக்கும். பின்வந்த கார்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே இணைக்கப்பட்டது. இவற்றில் ஒன்று பழுதானால் கார் இயங்கும். ஆனால் முதல் ஓரிரு நிமிடங்கள் உதறும், வெள்ளைப் புகை தள்ளும். வெயிற் காலத்தில் இதை ஒருவரும் கவனிப்பதில்லை. நான்கில் இரண்டு போன பின்னர், பனிக்காலத்தின் முதற் கடுங்குளிர்க் காலையில்தான் அகப்படுவார்கள். சோதிப்பது கடினமல்ல. பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ற் சோதனை பல்ப்பின் ஒரு நுனியை பற்றரியின் நேர் முனையிலும் மறு நுனியைப் பிளக்கின் தலையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். பல்ப் எரிந்தால் பிளக்கின் உட்கம்பி அறாமல் இருக்கின்றது. எரியாவிட்டால் புதிது போடவேண்டியதுதான்.

பற்றரியும் ஒயிலும்

குளிரில் பற்றரி சோம்பேறியாகிவிடும். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில், நல்ல பற்றரிகூட வெப்ப நாளில் கொடுக்கும் வலுவில் பாதியளவே கொடுக்கும். அதே நேரத்தில் ஒயில் தடித்து, இயந்திரத்தைச் சுழற்ற இரட்டிப்பு வலு தேவைப்படுகின்றது. வரவு பாதி, செலவு இரு மடங்கு. கடன்பட்ட குடும்பத்தின் நிலைதான். இதனால் ஒயிலைத் தெரிவுசெய்வதில் கவனம் வேண்டும். எமது நாட்டில் 15 டபிள்யூ 40 என்று எழுதிய ஒயிலைப் பரவலாகக் காண்கிறோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள இலக்கம் குறையக் குறைய, குளிரில் ஒயில் இளகலாக இருக்கும். அந்நாடுகளில் பனிக்காலத்துக்கு 5 அல்லது 0 என்று தொடங்கும் ஒயிலை ஊற்றுவது வழக்கம்.

இன்னுமொன்று. முழுதாக சார்ஜ் உள்ள பற்றரியின் அசிட் எந்தக் குளிரிலும் இலகுவில் உறையாது. சார்ஜ் இறங்கிய பற்றரியில் அசிட் நீர்த்துப்போவதால் பூச்சியத்துக்குக் கீழ் சுமார் 10 பாகையிலேயே உறைந்து கோதையும் வெடிக்கச் செய்யலாம். உறைந்த பற்றரிக்கு வேறொரு காரிலிருந்து வயர் கொடுக்கவே கூடாது. அது வெடித்து அசிட் முகத்தில் அடித்த சம்பவங்கள் உண்டு.

தேங்காயெண்ணெய் உறைவது போல

மார்கழி, தை மாதக் காலையில் போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். நுவரெலியாவில் வேலை செய்தவர்களுக்கு அது அன்றாடக் காட்சி. டீசலுக்கும் இதே குணம் உண்டு. அதில் மெழுகு கரைந்திருக்கிறது. கோடைகாலத்துக்கான டீசல் பூச்சியப் பாகையை அண்டியே கலங்கத் தொடங்கலாம். இன்னும் குளிர்ந்தால் மெழுகுத் துகள்கள் பில்ரரின் கடதாசியில் படிந்து வழியை அடைத்துவிடும். தாங்கி நிறைய டீசல் இருக்கும். இயந்திரத்துக்கு ஒரு துளியும் போகாது.

இதனாற்றான் குளிர் நாடுகளில் காலத்துக்கு ஏற்ப வேறு டீசல் விற்கிறார்கள். ஜெர்மனியில் கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து மாசி முடிவு வரை விற்கும் டீசல், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் பில்ரரை அடைக்காமல் ஓடவேண்டும் என்பது விதி. ஆனால் காரை அதிகம் ஓடாதவர், புரட்டாதியில் நிரப்பிய டீசலை மார்கழி வரை வைத்திருப்பார். அகப்படுபவர் பெரும்பாலும் அவரே. பழைய கார்களின் கைநூல்கள் சிலவற்றில், கடுங்குளிரில் டீசலுடன் ஓரளவு மண்ணெண்ணெய் கலக்க அனுமதி இருந்தது. மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு என்பதே காரணம். கலப்பதானால் குளிர் வருமுன் கலக்கவேண்டும். உறைந்தபின் ஊற்றினால் அது மெழுகைக் கரைக்காது. அளவும் மீறக்கூடாது. இன்ஜெக்ஷன் பம்முக்கு வழுவழுப்புக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அது போதாது. இன்றைய புதிய டீசல் கார்களில் இம்முறையை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். பம்மும் நொசில்களும் பழுதாகிவிடும்.

உறைந்துவிட்ட காருக்குச் சிறந்த மருந்து சூடுதான். பில்ரரைக் கழற்றி வீட்டினுள் கொண்டுபோய் வைத்து இளக்கலாம். புதிய பில்ரரை நல்ல டீசலால் நிரப்பிப் பூட்டலாம். காரையே சூடான கறாஜ் ஒன்றுக்கு இழுத்துச் செல்ல வசதியிருந்தால் ஒரு பகலில் எல்லாம் சரியாகிவிடும்.

மின்சார வயர் தொங்கும் கார்கள்

வின்னிப்பெக், எட்மன்ரன் போன்ற நகரங்களில் கார்களின் முன்பக்கத்தால் மின்சார வயரொன்று வால்போல நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் மின்சாரத்தில் ஓடும் கார் என்று எண்ணிவிடுவார்கள். அது இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் சூடேற்றியின் வயர். தரிப்பிடங்களிற்கூட அதைச் செருகுவதற்குச் சொக்கெட்டுகள் வைத்திருக்கிறார்கள். இதைப் பரவச் செய்தவர்களுள் முக்கியமானவர் அன்ட்ரூ ஃபிறீமன். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கிராமத்து விவசாயிகளுக்கு மின்சாரம் வழங்கிய மின்கோட்டா என்ற கூட்டுறவுச் சங்கத்தை நடத்தியவர். இயந்திரத் தலையைப் பிடித்திருக்கும் போல்ற்களில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் பூட்டக்கூடிய சூடேற்றியைச் செய்து 1949இல் காப்புரிமை பெற்றார். விவசாயிகளோடு பழகியவருக்கு விவசாயியின் காலைத் தொல்லை தெரிந்திருந்தது.

இரவு முழுவதும் செருகி வைக்கவேண்டியதில்லை. புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணித்தியாலங்களுக்கு முன் தொடங்கினாற் போதும். மணிக்கூட்டு ஆளி ஒன்றைப் பொருத்தி மின்கட்டணத்தை மிச்சப்படுத்துகிறார்கள். எமது பிள்ளைகள் ஒரேயொரு பொருளுக்கு மட்டும் பணம் செலவழிக்க முடியுமானால் இதற்கே செலவழிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காலையில் செய்யவேண்டியது

விளக்கு, றேடியோ, காற்றாடி யாவற்றையும் நிறுத்துங்கள். ஹீற்றர் பிளக்குகளுக்கு முழு நேரம் கொடுங்கள். மிகக் கடுங்குளிரானால் ஒரு முறை சூடேற்றி, அணைத்து, மீண்டும் சூடேற்றலாம். கிளச்சை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் கியர்ப் பெட்டியிலுள்ள தடித்த ஒயிலையும் ஸ்ராட்டர் சேர்த்துக் கிண்டவேண்டிவரும். பழைய வொக்ஸ்வாகனில் குளிர்ப் புறப்பாட்டுக்கென ஓர் இழுவைக் குமிழ் உண்டு. அது டீசல் தூவப்படும் நேரத்தைச் சற்று முந்தச் செய்கிறது, அதை இழுத்துவிடுங்கள். பின்னர் ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். ஒரு சிலின்டர் வெடிக்கத் தொடங்கியதும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. எல்லாம் சேர்ந்து பிடிக்கும் வரை விடக்கூடாது. பிடிக்காவிட்டால் ஸ்ராட்டர் ஆறுவதற்கு ஒரு நிமிடம் விட்டு, மறுபடியும் சூடேற்றுவதிலிருந்து தொடங்குங்கள். இயங்கியதும் உறுமவிடாதீர்கள். ஒயில் மேலேறிவரச் சிறிது நேரம் விட்டு, மெதுவாக ஓட்டிச் செல்வதே நல்லது.

இயங்காவிட்டால் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகைக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சுழற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம்: ஹீற்றர் பிளக்கையும் பற்றரியையும் தேய்ந்த ரிங்கையும் சந்தேகியுங்கள். புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை: மெழுகையும் பில்ரரையும் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் குளிர் தேவையில்லை. லாண்ட்மாஸ்டரிலும் உழவு இயந்திரத்திலும் அப்படியே செல்லும். எமது ஊரில் மெழுகுக்குப் பதிலாக அழுக்கையும், குழாயினுள் புகுந்த காற்றையும் தேடவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யக்கூடாதவை

1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களையும் மோட்டோர் சைக்கிள்களையும் நாம் மறக்கவில்லை. அவை தீப்பொறி பிளக் உள்ள இயந்திரங்கள். அந்தச் சாமர்த்தியத்தை டீசல் காரில் காட்டப்போனால் ஆபத்து. குளிர் நாடுகளில் ஈதர் நிரப்பிய தகரத்தை விற்கிறார்கள். காற்றுக் குழாயில் தூவினால் இயந்திரம் உடனே இயங்கும் என்பார்கள். ஹீற்றர் பிளக் செந்தணலாக இருக்கும் சிலின்டருக்குள் ஈதர் போனால் பிஸ்ரன் மேலே வருமுன்னரே அது வெடிக்கும். பிஸ்ரன் உடையலாம், குழாய் வழியே நெருப்பு முகத்துக்கும் வரலாம். காற்றுக் குழாயில் சூடேற்றி உள்ள மசி பேர்கசனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இயந்திரத்தின் கீழ் நெருப்பு மூட்டுவது பழைய லொறிச் சாரதிகளின் வழக்கம். சிந்திய ஒயிலும் பழைய டீசல் குழாயும் உள்ள காரில் அதன் முடிவைச் சொல்லத் தேவையில்லை. கறாஜின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கரிச்சட்டி வைப்பதும், காரை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் இன்னும் மோசமானவை. அதில் வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நித்திரை வருவதுபோல் இருக்கும், பின் எழும்பமாட்டார்கள். வெப்ப நாட்டிலிருந்து போனவர்களுக்கு இது சொல்லிக்கொடுக்கப்படவேண்டிய விடயம். எங்கள் குசினிகளுக்குக் காற்றுப் போக வழியுண்டு. அங்குள்ள வீடுகளும் கறாஜ்களும் குளிர் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டவை.

கடைசியாகத் தண்ணீர். அரைவாசி நிரம்பிய தாங்கியின் வெறும் இடத்தில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து டீசலுக்கடியில் தண்ணீராகச் சேரும். அங்கே அது உறைந்து குழாயை அடைக்கும். இங்கே உறையாது, ஆனால் பம்மையும் நொசிலையும் துருப்பிடிக்கச் செய்யும். பல பில்ரர்களின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு சிறு திருகாணி உண்டு. காரோ உழவு இயந்திரமோ, மாலையில் தாங்கியை நிரப்பி வைத்து, கிழமைக்கொரு தடவை காலையில் இயக்குமுன் அந்தத் திருகாணியைத் தளர்த்தி ஒரு சிரட்டையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை வடியவிட்டுத் திருகாணியை இறுக்குங்கள்.